மகிழுந்து மெழுகும் வண்ணக்காப்புப் பூச்சும்

மகிழுந்து மெழுகு என்பது மகிழுந்தின் வெளிப்புற வண்ணப்பூச்சின் மீது மிக மெல்லியதாகத் தேய்த்து, நீர், தூசி, உப்புப் படிவு, பறவை எச்சம் முதலியவை வண்ணத்தை நேரடியாகத் தாக்காதவாறு தடுக்கும் பொருள் ஆகும். இயற்கை மெழுகுக்கு மாற்றாகச் செயற்கைப் பல்லுறுப்பிகளைக் கொண்டு உருவாக்கப்படும் காப்புப் பூச்சுகள் வழக்கில் சீலன்ட் எனப்படுகின்றன. இரண்டும் ஒரே பணியைச் செய்வன. ஆனால் வெப்பத்தைத் தாங்குவதிலும் நிலைத்து நிற்பதிலும் வேறுபடுவன. இவற்றுள் எதைத் தேர்வது என்பது வண்டியின் விலையைக் காட்டிலும், அது எங்கே நிற்கிறது, எந்த நீரால் கழுவப்படுகிறது என்பவற்றையே பொறுத்தது.

இக்கட்டுரை விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டத்தின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. கடும் வெயில், கடின நீர், சுண்ணாம்புத் தூசி, பட்டாசுச் சாம்பல் ஆகிய நான்கும் ஒருசேர அமைந்த இடம் அது. மகிழுந்து மெழுகு குறித்துப் பரவலாகக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. பனிக்காலச் சாலையில் தூவப்படும் உப்பை மனத்திற் கொண்ட அவை கரிசல் மண்ணுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

வண்ணப்பூச்சின் அமைப்பு

தற்கால மகிழுந்தின் இரும்புத் தகட்டின் மீது நான்கு அடுக்குகள் உள்ளன. முதலாவது, மின்புல முறையில் படியவைக்கப்படும் துரு எதிர்ப்புப் பூச்சு. அதன்மேல் சமன்படுத்தும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறமிகளைக் கொண்ட வண்ணப் பூச்சு, இறுதியாக நிறமற்ற மேற்பூச்சு ஆகியவை அமைகின்றன. இறுதி அடுக்கைப் பட்டறைகளில் கிளியர் கோட் என்பர். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்குரோமீட்டர் தடிமன் கொண்டவை. இதில் நிறமற்ற மேற்பூச்சின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்குரோமீட்டர் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

வண்டியின் பளபளப்பு முழுவதும் இந்த மேற்பூச்சில்தான் உள்ளது. வெயிலின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்களும் இதிலேயே கலக்கப்பட்டுள்ளன. கீறல் விழுந்தால் உராய்பொருள் கொண்டு தேய்த்து மெருகேற்றலாம். ஆனால் மெருகேற்றுதல் என்பது கீறலைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்துக்குச் சுரண்டியெடுப்பதே ஆகும். ஒவ்வொரு முறையும் சில மைக்குரோமீட்டர்கள் குறையும். குறைந்தது மீண்டும் வளராது. மேற்பூச்சு ஓரளவுக்கு மேல் மெலிந்துவிட்டால் வெயிலில் வெளிறி, தோல் உரிவது போல உரியத் தொடங்கும். அந்நிலையில் மெழுகால் பயன் இல்லை. அப்பகுதியைத் தேய்த்து மறுபடி வண்ணம் தெளிப்பதொன்றே வழி. மெழுகின் தேவை இங்கிருந்தே எழுகிறது. ஒரு மைக்குரோமீட்டருக்கும் குறைவான மெழுகுப் படலம் மேற்பூச்சுக்குப் பதிலாகத் தான் தேய்ந்து அழியும். அழிந்தபின் மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

மெழுகு புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்று புட்டிகளில் அச்சிடப்படுவதுண்டு. கதிரை உறிஞ்சும் திறன் படலத்தின் தடிமனைப் பொறுத்தது. இத்துணை மெல்லிய படலம் தடுக்கும் அளவு மிகச் சிறியது. அப்பணியைச் செய்வது மேற்பூச்சே. மெழுகு செய்வதெல்லாம் அம்மேற்பூச்சு தேயாமல் காப்பதுதான்.

வரலாறு

தொடக்ககால மகிழுந்துகளுக்குக் குதிரை வண்டிகளைப் போலவே எண்ணெய் வார்னிசு பூசப்பட்டது. அது உலர வாரக்கணக்கில் ஆகும். 1923 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோசு வண்ணப்பூச்சை அறிமுகப்படுத்தியதும் உலரும் நேரம் மணிக்கணக்காகக் குறைந்தது. அப்பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்றும் வழங்குகிறது. எந்த நிறுவனத்தின் வண்ணமாயினும் தெளித்துப் பூசினால் அது டூக்கோதான். இவ்வகைப் பூச்சு விரைவில் மங்கியதால் அடிக்கடி மெருகேற்றி மெழுகிட வேண்டியிருந்தது.

2014 வரை உற்பத்தியான அம்பாசடர் போன்ற வண்டிகளின் பழைய படைப்புகளில் நிறமற்ற மேற்பூச்சு கிடையாது. நிறமிப் பூச்சே வெளி அடுக்காகும். அவற்றைத் துடைக்கும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டுவது இதனாலேயே. அத்தகைய வண்டிகளுக்கு, சற்று எண்ணெய்ப்பசை கொண்ட மரபுவகை மெழுகே இன்றும் பொருத்தமானது.

வகைகள்

கார்னவுபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலைகளிலிருந்து எடுக்கப்படுவது. வறண்ட காலத்தில் ஓலையிலிருந்து நீர் ஆவியாகாமல் இருக்க அம்மரம் தானே சுரந்துகொள்ளும் பூச்சு இது. வெயில் தாங்கும் பனையை நன்கறிந்த நம் பகுதியினருக்கு இதன் தன்மை வியப்பளிக்காது. இயற்கை மெழுகுகளுள் மிகவும் கடினமானது. உருகுநிலை 82 முதல் 86 பாகை செல்சியசு. தேன்மெழுகின் உருகுநிலை ஏறத்தாழ 62 முதல் 64 பாகையே. தூய கார்னவுபா கல்லைப் போல உடையக்கூடியதாதலால், கரைப்பான்களும் மென்மையான பிற மெழுகுகளும் கலந்தே விற்கப்படுகிறது. ஆகவே டப்பாவில் உள்ள மெழுகு மேற்கூறிய வெப்பநிலைக்கு முன்பே இளகிவிடும்.

மலிவான மெழுகுகளில் பாரஃபின் மிகுதி. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் இதன் உருகுநிலை வகைக்கேற்ப ஏறத்தாழ 46 முதல் 68 பாகை வரை உள்ளது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக்குப் பாரஃபின் புதிய பொருள் அன்று. தீக்குச்சியின் மருந்திலிருந்து மரத்துக்குத் தீயைக் கடத்துவதற்காகக் குச்சியின் முனை நனைக்கப்படுவது இதிலேதான். காகிதமும் பாரஃபினும் சேர்த்துச் செய்யப்படும் மெழுகுத் தீக்குச்சிகளும் இங்கு உற்பத்தியாகின்றன. எளிதில் இளகுவதும் எளிதில் எரிவதும் தீக்குச்சிக்குச் சிறப்பு. சித்திரை வெயிலில் நிற்கும் மகிழுந்துக்கு அதுவே குறை.

பல்லுறுப்பிக் காப்புப் பூச்சு. சிலிக்கோன் அல்லது அக்ரிலிக் வகைப் பல்லுறுப்பிகளைக் கொண்டது. மெழுகு வண்ணத்தின்மேல் வெறுமனே ஒட்டியிருப்பது. இவ்வகையோ உலரும்போது தமக்குள் பிணைந்து மேற்பூச்சோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. மெழுகு தரும் ஆழ்ந்த மினுமினுப்பை இது தருவதில்லை. கண்ணாடி போன்ற ஒளியைத் தரும். இயற்கை மெழுகு பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்களும், இவ்வகைப் பூச்சு நான்கு முதல் ஆறு மாதங்களும் நிற்கும் எனக் கூறப்படுவதுண்டு. வெப்பமண்டலத்தில் இரண்டுக்குமே காலம் குறையும். மெழுகுக்கு மிகுதியாகக் குறையும்.

செராமிக் பூச்சு. சிலிக்கன் சேர்மங்கள் காற்றின் ஈரத்துடன் வினைபுரிந்து சிலிக்கா வலையாக இறுகுவது. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையோ அதற்கு மேலோ நிற்கக்கூடியது. விளம்பரங்களில் காணப்படும் 9எச் என்னும் அளவு, பென்சில்களைக் கொண்டு கீறிப்பார்க்கும் சோதனையின் அளவே ஆகும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோவின் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. வைரம் 10, இது 9 என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. மணல் இப்பூச்சையும் கீறும்.

டெஃப்லான் பூச்சு. இந்தியாவில் புதிய வண்டி வாங்குவோரிடம் நெடுங்காலமாக விற்கப்பட்டு வருவது. டெஃப்லானின் உருகுநிலை ஏறத்தாழ 327 பாகை. ஓட்டாத தோசைக்கல்லில் அது படலமாவது உயர்வெப்பத்தில் சுடப்படுவதால்தான். அவ்வெப்பத்தை மகிழுந்தின் வண்ணம் தாங்காது. எனவே இப்பெயரில் பூசப்படும் கலவையில் டெஃப்லான் துகள் இருந்தாலும் அது தனிப்படலமாக அமைவதில்லை. காப்பது உடன் கலந்த மெழுகும் சிலிக்கோனுமே.

இவை தவிர, ஒளிபுகும் பாலியூரித்தேன் தாளை வண்டியின்மீது ஒட்டும் முறையும் உண்டு. கல் தெறிப்பைத் தாங்குவது இது ஒன்றே, செலவும் மிகுதி. சிவகாசியின் அச்சுத் தொழிலை அறிந்தவர்கள் இவ்வரிசையை எளிதில் விளங்கிக்கொள்வர். நாட்காட்டிப் படத்துக்கு வார்னிசு போதுமா, புறஊதாக் கதிரால் உலர்த்தப்படும் பூச்சு வேண்டுமா, தாள் ஒட்டும் லேமினேசன் வேண்டுமா என்று அச்சகத்தார் வாடிக்கையாளரிடம் கேட்பதும் இதே கேள்விதான். ஓராண்டில் கழற்றப்படும் நாட்காட்டிக்கும், அன்றாடம் கைபடும் புத்தக அட்டைக்கும் விடை வேறுவேறாகும்.

விருதுநகர் வட்டாரச் சூழல்

வெயில். நேரடி வெயிலில் நிற்கும் கரிய நிற மகிழுந்தின் மேற்கூரை 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். பாரஃபினும் தேன்மெழுகும் இளகும் வெப்பநிலை இது. இளகிய மெழுகு தூசியைப் பற்றிக்கொள்ளும். மறு கழுவலில் தூசியோடு சேர்ந்து போய்விடும். நிழலில்லா இடத்தில் நாள்முழுதும் நிற்கும் வண்டிக்கு இயற்கை மெழுகு பூசுவது மாதந்தோறும் செய்யும் வேலையாகிவிடுவதன் காரணம் இதுவே.

நீர். ஆழ்துளைக் கிணற்று நீரை இப்பகுதி மக்கள் உப்புத் தண்ணீர் என்றும், குடிநீரை நல்ல தண்ணீர் என்றும் பிரித்துச் சொல்வர். உப்புத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. அது வண்டியின்மேல் துளியாக நின்று வெயிலில் வற்றும்போது வெண்ணிற வளையம் எஞ்சுகிறது. அதன்மேல் மீண்டும் மீண்டும் நீர் வற்றினால் வளையம் கெட்டிப்பட்டு மேற்பூச்சில் தடம் பதிக்கும்.

மெழுகிட்ட பரப்பில் நீர் முத்து முத்தாக நிற்பதைக் கண்டு மகிழ்வது இயல்பு. விளம்பரங்களும் அதையே காட்டுகின்றன. ஆயினும் கடின நீர் உள்ள ஊரில் அம்முத்துகள் ஒவ்வொன்றும் ஒரு கறைக்கு வித்தாகும். பரப்பில் பரவியிருக்க வேண்டிய உப்பு ஒரே புள்ளியில் குவிகிறது. செராமிக் பூச்சு நீரை மிக வலுவாகத் துளியாக்குவதால் இக்குறை அதில் கூடுதலாகத் தென்படும். நீரை முத்தாக்குவதைவிடத் தாளாக வழியவிடும் காப்புப் பூச்சே இங்கு ஏற்றது. எதைப் பூசினாலும் கழுவியவுடன் துடைத்து உலர்த்த வேண்டும். இறுதியாக ஊற்றும் ஒரு வாளி மட்டுமாவது நல்ல தண்ணீராக இருத்தல் நன்று. குடிநீர் நாள்தோறும் வராத ஊர்களில் இந்த ஒரு வாளியும் எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்திருப்போர் அதனைப் பயன்படுத்தலாம். அதில் உப்பு ஏறத்தாழ இல்லை. காப்புப் பூச்சு உள்ள வண்டியில் அழுக்கு இறுகப் பற்றாததால் கழுவும் நீர் மிச்சமாகும் என்பதும் இப்பகுதிக்கு ஒரு பயனே.

சுண்ணாம்புத் தூசி. மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் வளத்தை ஒட்டி இராமசாமிராசா நகர், ஆலங்குளம் ஆகிய இடங்களில் சிமென்ட் தொழில் வளர்ந்தது. சுண்ணாம்பு, சிமென்ட் முதலியவற்றை ஏற்றிச் செல்லும் சரக்குந்துகளின் பின்னால் ஓடும் வண்டியிலும், கட்டுமானம் நடக்கும் வீட்டின் அருகே நிற்கும் வண்டியிலும் இத்தூசி படியும். சிமென்ட் தூசி காரத்தன்மை கொண்டது. விடியற்காலப் பனி பட்டால் தரையில் இறுகுவது போலவே வண்டியின்மேலும் இறுகும். இறுகியதைச் சுரண்டக்கூடாது. நீர் சேர்த்து நீர்க்கச் செய்த வினிகரால் நனைத்துச் சற்று நேரம் விட்டால் சுண்ணாம்பு கரையும்; பின்னர் நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர்க் கறைக்கும் தொடக்கநிலையில் இதுவே மருந்து. இவ்வாறு செய்தபின் அவ்விடத்தில் காப்புப் பூச்சை மறுபடி இடுதல் வேண்டும்.

பட்டாசுச் சாம்பல். இந்தியப் பட்டாசு உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு சிவகாசி வட்டாரத்தைச் சேர்ந்தது. வெடிமருந்தில் அலுமினியத் தூள், கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட்டு முதலியவை உள்ளன. பேரியம் உப்புகள் கொண்ட பட்டாசுகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திண்மத் துகளாகவே எஞ்சுகிறது. நாம் காணும் வெண்புகை அதுவே. அத்துகளில் பொட்டாசியத்தின் சல்பேட்டு, கார்பனேட்டு, சல்பைடு ஆகியவை இருக்கும். இவற்றுள் சில காற்றின் ஈரத்தை ஈர்த்துக் காரக் கரைசலாகும் இயல்புடையன.

அலுமினியம் எரிந்தால் அலுமினியம் ஆக்சைடு கிடைக்கிறது. பட்டறைகளில் கீறல் நீக்கப் பயன்படும் ரப்பிங் காம்பவுண்டு என்னும் பசையில் உராய்பொருளாகச் சேர்க்கப்படுவதும் அலுமினியம் ஆக்சைடே. தீபாவளிக்கு மறுநாள் காலையில் வண்டியின்மேல் படிந்துள்ள சாம்பலை உலர்ந்த மஞ்சள் துணியால் துடைப்பவர், தாம் அறியாமலேயே வண்டியை உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பான செயலைச் செய்கிறார். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போன்று வட்டவட்டமாகத் தெரியும் கீறல்கள் இத்தகைய உலர்துடைப்பால் விளைபவை. நல்ல மெழுகும் இதனைத் தடுக்காது. முதலில் நீரை வழியவிட்டுச் சாம்பலை நெகிழ்த்தி, பிறகே துணி படவேண்டும். சாயமேற்றிய வெடிக் காகிதத் துணுக்குகளை நனையுமுன் எடுத்துவிடுதல் நல்லது. ஐப்பசி மழையில் ஊறினால் வெளிர்நிற வண்டிகளில் சாயம் இறங்கும்.

தீப்பொறி பட்டு உண்டாகும் புள்ளிக் காயங்களை எப்பூச்சும் தடுக்காது. செயற்கை இழையாலான வண்டி உறை பொறியில் உருகி வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், வெடிக்கும் தெருவிலிருந்து வண்டியை நகர்த்தி வைப்பதே பாதுகாப்பு.

தேர்வும் பருவமும்

மேற்கூறியவற்றைக் கொண்டு பார்க்கையில், திறந்தவெளியில் நின்று உப்புத் தண்ணீரில் கழுவப்படும் வண்டிக்கு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை பல்லுறுப்பிக் காப்புப் பூச்சு இடுவதே செலவுக்கும் பயனுக்கும் ஒத்தது. கொட்டகையில் நின்று, மென்னீரால் கழுவும் வசதியும் இருந்தால் செராமிக் பூச்சைக் கருதலாம். அவ்வசதி இல்லாதவர் பெருந்தொகை கொடுத்து அதனைப் பூசிக்கொண்டால், கறைகளை நீக்கவே அப்பூச்சை மெருகேற்றித் தேய்க்க நேரும். கார்னவுபா மெழுகைக் காப்புப் பூச்சின்மேல் அழகுக்காக இடலாம். அதன்கீழ் இட்டால் காப்புப் பூச்சு பற்றாது.

பூசும் காலமும் முக்கியம். ஆயுத பூசைக்கு முன்னர் பூசுவது பலவகையில் பொருந்தும். அன்று முகப்பில் இடப்படும் சந்தனமும் குங்குமமும் வாரக்கணக்கில் காய்ந்து கிடந்து கறையாவதைத் தடுக்கும். தொடர்ந்து வரும் தீபாவளிச் சாம்பலுக்கும், இப்பகுதிக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் அதே பூச்சு காப்பாகும். மழை ஓய்ந்தபின் தை மாதத்திலோ, வெயில் முதிருமுன் மாசியிலோ இரண்டாம் முறை பூசலாம்.

பூச்சு எஞ்சியுள்ளதா என அறியச் சிறிது நீர் தெளித்துப் பார்க்கலாம். நீர் துளியாகவோ விரைந்தோ வழியாமல் சோம்பிப் படர்ந்து நின்றால் பூச்சு தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

பூசும் முறை

வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ச்சியாகும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் வண்டி கழுவும் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசும் வெறும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். தொட்டால் சொரசொரப்பாக இருந்தால், அதற்கென விற்கப்படும் களிமண் கட்டியை ஈரத்துடன் மெல்ல உருட்டி ஒட்டிய துகள்களை நீக்கலாம். நன்கு உலர்ந்தபின், கதவு அளவான ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மெல்லியதாகப் பூசி, புட்டியில் குறித்த நேரம் கழித்துத் தூய மென்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தடிமனாகப் பூசுவதால் காப்பு கூடுவதில்லை. துடைத்தெறியும் அளவே கூடும். காப்புப் பூச்சாயின் இறுகும்வரை, சிலவற்றுக்கு ஒரு நாள் வரை, நனையாமல் வைத்திருக்க வேண்டும்.

மெழுகுகள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் பெட்ரோலியக் கரைப்பான்கள் உள்ளன. மென்துணிகளோ பெரும்பாலும் பாலியெசுட்டர் இழையாலானவை. உலர்ந்த பரப்பில் தேய்த்தால் நிலைமின்னூட்டம் பெறும். பட்டாசு ஆலைகளில் பருத்தி உடையே வலியுறுத்தப்படுவது நிலைமின்னூட்டத்தை அஞ்சியே. ஆகவே ஆலை வளாகத்திலோ வெடிமருந்துக் கிடங்கின் அருகிலோ நிற்கும் வண்டியை அங்கேயே மெழுகிடுவது கூடாது.

விலக்குகள்

புதிதாக மறுவண்ணம் தெளிக்கப்பட்ட பகுதிக்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை மெழுகோ காப்புப் பூச்சோ இடலாகாது. பட்டறை வண்ணத்தில் எஞ்சியுள்ள கரைப்பான் ஆவியாக அவ்வளவு காலம் தேவை. இடையில் மூடினால் பூச்சு மங்கும். பளபளப்பற்ற வண்ணம் பூசிய வண்டிகளுக்கு வழக்கமான மெழுகு ஆகாது, திட்டுத்திட்டாக ஒளிரும்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த துணியால் துடைத்துப் பளபளப்பு ஏற்றுவது வாடகை வண்டி ஓட்டுநர்களிடையே பழைய வழக்கம். அது அன்று மாலை வரை ஒளிரும். ஆனால் முன்பு இட்ட மெழுகைக் கரைத்துவிடும். எஞ்சும் எண்ணெய்ப்பசை சாலைத் தூசியை ஈர்க்கும். பாத்திரம் துலக்கும் நீர்மமும் மெழுகை வலுவிழக்கச் செய்யும். பழைய மெழுகை நீக்கிப் புதிய காப்புப் பூச்சு இடவிருக்கும் நாளில் மட்டும் அந்நீர்மத்தால் ஒருமுறை கழுவலாம்.